மற்றும் அவர் மூலம் இருப்பவர்கள்

வாரண்டில் பெயர் ஒன்றுதான்:
க. களஞ்சியம், பிரதிவாதி.
அதற்கும் கீழே, மை வற்றிய பிரிண்டரில் எடுத்ததுபோல் மங்கலாக,
'மற்றும் அவர் மூலம் அனுபவத்தில் இருப்பவர்கள்.'

அது நான்.
நானும், பத்தாவது படிக்கும் மகளும்,
அவள் கணக்குப் புத்தகத்தில் படுக்கிற பூனையும்.

முன்னறை களஞ்சியத்துக்கு, பின்னறை எங்களுக்கு.
மாதம் ஐந்தாம் தேதி ஆயிரத்து எண்ணூறு.
நண்டுக் கம்பெனியில் சதை பிரித்த விரலோடு
எண்ணிக் கொடுத்த நோட்டுகளை முகர்ந்து பார்த்து
'இன்னும் உயிரோட இருக்கும்போல' என்று சிரிப்பார்.
ரசீது கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்.
கச்சான் எழுந்தால் வள்ளங்களை வடகடலுக்கும்
வாடை எழுந்தால் தென்கடலுக்கும் மாற்றும் மண்டபத்தில்
ஒருவர் வாய்ச்சொல்லை ஒரு பருவம் நம்புவது
பெரிய காரியமாகத் தெரியவில்லை.

தடைக்காலத்தில் மங்களூர் போனவர் திரும்பவில்லை.
பதினான்கு மாத பாக்கி என்கிறார்கள்.
அதில் பதினொன்று என் கையிலிருந்து போனது.
அவர் சட்டைப்பையில் ஏறிய பணம்
கீழக்கரை வரை போகாமல்
நடுவில் எங்கேயோ இறங்கிவிட்டது.

முன்கதவில் சம்மன் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.
பொய் சொல்ல மாட்டேன்.
பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன்,
என் பெயர் இல்லாத காகிதம் என்னை என்ன செய்யும் என்று.

இன்று வந்திருக்கிறார்கள்:
ஆமீன், வக்கீல் குமாஸ்தா, பூட்டு உடைக்கிறவர்.

'எனக்கு ஒரு மாசம் டைம் வேணும் சார்.'
'உங்க பேரே இதில இல்லையேம்மா,
டைம் கேட்க உங்களுக்கு என்ன பாத்தியதை?'
'பேரே இல்லாத ஆளை எப்படி சார் வெளிய போடுவீங்க?'

குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் விடை இருப்பதுபோல.

வெளியே போவதென்றால் நான் 'இருப்பவர்கள்'.
உள்ளே நின்று ஒரு வார்த்தை கேட்டால்
இல்லாதவள்.

போனில் சீனி அசன்:
'நீங்க அவருக்குக் குடுத்தது எனக்குத் தெரியாதும்மா.'
உண்மைதான். தெரியாது.
பத்து வருஷத்தில் என் வெள்ளையடிப்பை,
நான் மாற்றிய ஓட்டை, என் செலவில் போட்ட தாழ்ப்பாளை
அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
கெட்ட மனிதரில்லை. வாடகை வராத வீடு
அவருக்கும் ஒரு ஓட்டை வள்ளம்.

நிலைப்படியை அடைத்துக்கொண்டு நீல டிரம்.
லாரிக்குழாய் அதுவரைதான் எட்டும்.
நேற்று வாங்கிய இருபது குடம் தண்ணீர்.
அதன் பின்னால் நின்றேன்.
கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.
'நான் அவர் மூலம் இல்ல சார்,
என் காசு மூலம் இருக்கேன்' என்றேன்.
குரல் நடுங்கியது. டிரம் நடுங்கவில்லை.

ஆமீன் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார்.
பிறகு பேனா மூடியைக் கடித்துத் திறந்தார்.
'பேரு?'
'நாகவேணி.'
'இனிஷியல்?'
ஓடிப்போனவன் எழுத்து நாக்குவரை வந்தது.
விழுங்கிக்கொண்டு அப்பாவுடையதைச் சொன்னேன்: 'சே.'
சே. நாகவேனி என்று எழுதினார்.
'மூணு சுழி சார்.'
அடித்துத் திருத்தினார்.

இந்த வீட்டுக் காகிதங்களில்
என் பெயர் ஏறுவது இதுதான் முதல் தடவை,
'தடை செய்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே.

'அடுத்த வாய்தாவுக்கு ராமநாதபுரம் வரணும்,
என்ன ஆதாரம் இருக்கோ கொண்டாங்க' என்றார்.
ரேஷன் கார்டு இருக்கிறது, மகளின் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது.
அந்தப் பதினொரு மாதத்துக்கு
நண்டு வாசனைதான் இருக்கிறது.

பூட்டுக்காரர் தண்ணீர் கேட்டார்.
டிரம்மைத் திறந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தேன்.
கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லவேண்டும்.